படிவத்திலிருந்து தரவுத்தளத்துக்கு: வாசகர் கேள்வி பதில்

இணையப் படிவத்தில் நிரப்பப்படும் விவரங்களைத் தானாகவே தரவுத்தளத்தில் சேர்ப்பது பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படும் சில இந்தப் பகுதியில். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: கூகுள் ஃபார்மில் பதிவுகள் வாங்குகிறோம். அவை ஷீட்டில் விழுகின்றன. அங்கிருந்து ஒருவர் தினமும் பார்த்துப் பார்த்துத் தரவுத்தளத்தில் ஏற்றுகிறார். புரோகிராமிங் தெரியாமல் இதைத் தானாக நடக்கவைக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் முதலில் தரவுத்தளம் உண்மையிலேயே வேண்டுமா என்று பாருங்கள். சில நூறு பதிவுகள், பார்ப்பவர் ஒருவர் இருவர் என்றால் ஷீட்டே போதும். ஒரு கூகுள் ஷீட் கோப்பில் 1 கோடி செல்கள் வரை இடம் உண்டு. அதற்கு வெகு முன்னாலேயே அது மந்தமாகிவிடும் என்பது வேறு விஷயம். ஒரே ஆளின் விவரம் பல அட்டவணைகளோடு இணைய வேண்டும், பலர் ஒரே நேரத்தில் எழுத வேண்டும், இன்னொரு மென்பொருள் இதைப் படிக்க வேண்டும் என்ற தேவைகள் வந்தால்தான் தரவுத்தளத்துக்குப் போவதில் அர்த்தம் உண்டு.

ஜேப்பியர், மேக், என்8என் ஆகிய மூன்று ஆட்டோமேஷன் கருவிகளும் இந்த வேலைக்குப் பரவலாகப் பயன்படுகின்றன. முதல் இரண்டும் அவற்றை நடத்தும் நிறுவனங்களின் சர்வரில் ஓடுபவை. என்8என்னை உங்கள் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். தரவுத்தளம் உள் வலைப்பின்னலில் இருந்தால் இது பெரிய வசதி. எதை எடுத்தாலும் அமைப்பு ஒன்றுதான்: ‘புதிய பதில் வந்தது’ என்று கிளப்பிவிடும் ட்ரிக்கர், எந்தப் பதில் எந்த நெடுவரிசைக்கு என்று சொல்லும் பொருத்தம், கடைசியில் எழுதும் செயல்.

பெரும்பாலோர் ட்ரிக்கரில் ஆரம்பிக்கிறார்கள். டேபிளில் ஆரம்பியுங்கள். ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு கேள்விக்கும் நேரே நெடுவரிசையின் பெயர், அதன் வகை (உரை, எண், தேதி), காலியாக இருக்கலாமா கூடாதா என்று எழுதுங்கள். இந்தத் தாள் இல்லாமல் தொடங்கியவர்கள் இரண்டாவது வாரத்தில் டேபிளை மாற்ற உட்காருவார்கள்.

டேபிள்களும் இரண்டு இருக்கட்டும். ஒன்று ‘வந்தவை’. அதில் ஐந்தே நெடுவரிசைகள்: உள் எண், படிவம் தந்த பதில் எண், வந்த நேரம், பதில் முழுவதும் ஜேசான் (பெயரும் மதிப்பும் இணை இணையாக வரும் உரை) வடிவில் அப்படியே, நிலை (புதியது, முடிந்தது, பிழை). மற்றொன்று நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் டேபிள். ஆட்டோமேஷன் முதலில் ‘வந்தவை’யில் மட்டும் எழுதட்டும். பிரித்து, சரிபார்த்து, அடுத்த டேபிளுக்கு மாற்றுவது இரண்டாவது வேலை. இது வீண் சுற்றாகத் தெரியும். ஆனால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு மருந்து இதுதான். பிரிக்கும்போது ஏதாவது தவறினால் மூலம் கையில் இருக்கும். திருத்திவிட்டு மறுபடி ஓட்டிக்கொள்ளலாம்.

பிறகு கருவிக்குள் போய்க் கணக்கை இணையுங்கள். மாதிரிப் பதில் ஒன்றை அனுப்பும்போது எல்லாக் கேள்விகளையும் நிரப்பியே அனுப்புங்கள். காலியாக விட்ட கேள்வி மாதிரியில் வராமல் போகலாம். வராததைப் பொருத்தவும் முடியாது. பொருத்தி முடித்ததும் மூன்று சோதனைகள்: எல்லாம் நிரப்பியது ஒன்று, கட்டாயக் கேள்விகள் மட்டும் நிரப்பியது ஒன்று, வேண்டுமென்றே வம்பு செய்வது ஒன்று. வம்பு என்றால் ஒற்றை மேற்கோள் குறி, இரண்டு மூன்று வரியாக உடைந்த முகவரி, தமிழ், எமோஜி எல்லாம் கலந்தது. மூன்றும் தேறினால் ஓடவிடலாம்.

பதில் உடனே வந்து சேரவில்லை என்று பதற வேண்டாம். சில ட்ரிக்கர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் போய் ‘புதிதாக ஏதாவது உண்டா’ என்று கேட்டு வருபவை. ஜேப்பியர், மேக் இரண்டின் இலவசத் திட்டங்களிலும் இந்த இடைவெளி 15 நிமிடம். உடனே வேண்டுமென்றால் வெப்ஹுக் வகை ட்ரிக்கரைத் தேர்ந்தெடுங்கள். அதில் படிவமே தட்டிச் சொல்லும்.

கேள்வி: ஒரே பதிவு டேபிளில் இரண்டு முறை, சில நேரம் மூன்று முறை ஏறுகிறது. எழுதுவதற்கு முன் ‘ஏற்கெனவே இருக்கிறதா’ என்று தேடும் படியையும் வைத்துவிட்டேன். அப்படியும் வருகிறது.

பதில்: இதில் இரண்டு வெவ்வேறு சிக்கல்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முதலில் அவற்றைப் பிரிப்போம்.

ஒன்று, ஒரே ஆள் இரண்டு முறை நிரப்புவது. இணையம் மெதுவாக இருக்க, ‘சமர்ப்பி’ பொத்தானை இன்னொரு முறை தட்டிவிடுகிறார்; அல்லது மறந்துபோய் மறுநாள் மறுபடி நிரப்புகிறார். இவை உண்மையிலேயே இரண்டு பதில்கள். எதை வைத்துக்கொள்வது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

மற்றொன்று, ஒரே பதில் இரண்டு முறை வந்து சேர்வது. வெப்ஹுக் அனுப்பும் சேவை, அனுப்பிய பிறகு உங்கள் பக்கத்திலிருந்து ‘200’ (‘கிடைத்தது’ என்று பொருள்) என்ற பதிலுக்குக் காத்திருக்கும். குறித்த நேரத்துக்குள் அது வராவிட்டால் ‘சேரவில்லை போலிருக்கிறது’ என்று மீண்டும் அனுப்பும். நீங்களோ முதல் முறையே வாங்கி, தரவுத்தளத்தில் எழுதி, மின்னஞ்சல் அனுப்பி, பிடிஎஃப் தயாரித்து, எல்லாம் முடிந்த பிறகு நிதானமாக 200 சொல்கிறீர்கள். அதற்குள் அடுத்த நகல் வாசலில் நிற்கிறது. ஆகவே வாங்கியவுடன் ‘வந்தவை’ டேபிளில் போட்டுவிட்டு உடனே 200 சொல்லுங்கள். மின்னஞ்சலும் பிடிஎஃபும் அதற்குப் பிறகு.

அப்படிச் செய்தாலும் நகல் வரும் வாய்ப்பு போகாது. ‘குறைந்தது ஒருமுறை சேர்ப்போம்’ என்பதே வெப்ஹுக் சேவைகளின் வழக்கமான உத்தரவாதம். ‘சரியாக ஒருமுறை’ என்று யாரும் சொல்வதில்லை. எனவே நகலைத் தடுக்கும் பொறுப்பு வாங்குபவருடையது.

உங்கள் ‘தேடிப் பார்த்து எழுது’ முறை ஏன் தோற்கிறது? இரண்டு நகல்கள் ஒரு விநாடி இடைவெளியில் வருகின்றன. முதலாவது தேடுகிறது, இல்லை. அது எழுதி முடிப்பதற்குள் இரண்டாவதும் தேடுகிறது, இல்லை. இரண்டும் எழுதுகின்றன. தேடுவதற்கும் எழுதுவதற்கும் நடுவில் உள்ள அந்தச் சிறு இடைவெளியை ஆட்டோமேஷன் கருவியால் மூட முடியாது, தரவுத்தளத்தால் முடியும். பதில் எண் நெடுவரிசைக்கு ‘யூனிக்’ (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது) கட்டுப்பாடு போடுங்கள். தரவுத்தள மென்பொருள் போஸ்ட்கிரெஸ் என்றால் எழுதும் கட்டளையின் கடைசியில் ‘ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்’ (மோதினால் ஒன்றும் செய்யாதே) என்று சேர்த்துவிடுங்கள். 2016இல் வந்த 9.5 பதிப்பிலிருந்து இது உண்டு. மைஎஸ்கியூஎல்லில் ‘ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்’. அங்கே ‘இன்செர்ட் இக்னோர்’ என்றும் ஒன்று உண்டு. அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். நகலை மட்டும் அல்லாமல், தவறான தேதி, நீளம் மிஞ்சிய உரை போன்ற மற்றப் பிழைகளையும் வெறும் எச்சரிக்கையாக்கி விழுங்கிவிடும். வெட்டுப்பட்ட தரவு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், நீங்கள் அறியமாட்டீர்கள்.

பதில் எண் எங்கே கிடைக்கும்? டைப்ஃபார்ம் என்ற படிவச் சேவை ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு டோக்கன் (தனி அடையாளக் குறி) தருகிறது. கூகுள் ஃபார்மில் படிவத்தோடு இணைந்த ஸ்கிரிப்டில் (கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் நிரலில்) பதிலின் ஐடி கிடைக்கும். ஷீட்டோடு இணைந்த ஸ்கிரிப்டில் கிடைக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே படிவத்தின் பக்கம் ஸ்கிரிப்ட் எழுதுவது மேல். எந்த எண்ணும் இல்லாத படிவம் என்றால் நேரமுத்திரை, மின்னஞ்சல் இரண்டையும் சேர்த்து ஹேஷ் (உள்ளீட்டிலிருந்து கணக்கிடும் குறியீடு) எடுத்து அதையே எண்ணாக வையுங்கள்.

தொலைபேசி எண்ணை யூனிக் ஆக்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒரு வீட்டில் நான்கு பேருக்கு ஒரே எண் இருக்கும். முதல் ஆள் மட்டும் பதிவாகி, மற்ற மூவரும் சத்தமில்லாமல் காணாமல் போவார்கள்.

கேள்வி: தமிழில் நிரப்பிய பெயர்கள் தரவுத்தளத்தில் வெறும் கேள்விக்குறிகளாக இருக்கின்றன. வேறு சில பதிவுகளில் பெயர் சரியாகத் தெரிகிறது, ஆனால் தேடினால் அகப்படுவதில்லை.

பதில்: கேள்விக்குறியில் தொடங்குவோம். தமிழ் எழுத்துகளுக்கு இடமில்லாத குறியேற்றத்தில் (எழுத்தைப் பைட்டாக்கும் முறையில்), பெரும்பாலும் லத்தீன்1இல், நெடுவரிசை அமைந்திருக்கிறது. தனக்குத் தெரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாகத் தரவுத்தளம் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டது. அந்தக் கேள்விக்குறிகளிலிருந்து பெயரை மீட்க வழியே இல்லை. மூலப் படிவத்திலிருந்து மறுபடி ஏற்றத்தான் வேண்டும். கேள்விக்குறிக்குப் பதிலாக, மேலே கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாகத் தெரிந்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. பைட்டுகள் சரியாகவே இருக்கின்றன, படிப்பவர்தான் தவறான குறியேற்றத்தில் படிக்கிறார். அதைத் திருப்பிவிடலாம்.

மைஎஸ்கியூஎல்லில் ஒரு பொறி உண்டு. அங்கே ‘யுடிஎஃப்8’ என்று பழைய பெயரில் இருப்பது ஓர் எழுத்துக்கு 3 பைட் வரை மட்டுமே தாங்கும். தமிழின் ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8இல் 3 பைட் என்பதால் தமிழ் தப்பிவிடும். எமோஜிக்கு 4 பைட் வேண்டும், அது வந்ததும் எழுதும் கட்டளையே பிழையாகும். தமிழ்ப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தவர்களுக்கு இது தெரியவே தெரியாது. எப்போதும் ‘யுடிஎஃப்8எம்பி4’ தேர்ந்தெடுங்கள். 8.0 பதிப்பு முதல் அதுவே இயல்பு. டேபிளுக்கு மட்டும் அமைத்தால் போதாது. இணைப்புக்கும் அதே குறியேற்றம் இருக்க வேண்டும்.

நீளத்தையும் கவனியுங்கள். ‘தமிழ்’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் 5 குறிகள் (த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி), 15 பைட்டுகள். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டும் ‘வார்கேர் 50’ (50 வரை நீளக்கூடிய உரை) என்றால் 50 குறிகள் என்று கொள்ளும். ஆரக்கிள் தரவுத்தளம் இயல்பாக அதே 50ஐ பைட்டாகக் கணக்கிடும். 16 தமிழ்க் குறிகளோடு இடம் முடிந்துவிடும். முதலெழுத்தும் தந்தை பெயரும் சேர்ந்த ஒரு பெயருக்கு அது எந்த மூலைக்கு?

இனி தேடினால் அகப்படாத பெயர்கள். ‘கொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது ககரத்தோடு ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். ஒருவர் ஒரு விசைப்பலகையில் அடித்த பெயரை இன்னொருவர் இன்னொரு விசைப்பலகையில் தேடினால் அகப்படாமல் போவது இதனால்தான். இதற்கு, இரண்டையும் ஒரே வடிவாக்கும் யூனிகோடின் ‘என்எஃப்சி’ சீராக்கம் இருக்கிறது. ஆப்ஸ் ஸ்கிரிப்டில் ‘நார்மலைஸ்’ என்ற ஒரே அழைப்பு. போஸ்ட்கிரெஸ் 13 முதல் அதே பெயரில் உள்ளமைந்த சார்பு உண்டு. எழுதும் முன்பு ஒரு முறை, தேடும் சொல்லுக்கு ஒரு முறை, இரண்டு பக்கமும் செய்ய வேண்டும்.

சீராக்கமும் தீர்க்காத ஒன்று ‘ஔ’. பலர் அதை ஒகரமும் ளகரமும் சேர்த்து ‘ஒள’ என்று அடிக்கிறார்கள். யூனிகோடைப் பொறுத்தவரை அது முறையான இரண்டு எழுத்துகள், பிழையே அல்ல. காலுக்குப் பதில் ரகரம் அடிப்பதும் அப்படித்தான். இவற்றுக்கு நீங்களே மாற்றுவிதி எழுத வேண்டும். பெயரின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களையும், கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற பிரிப்பானையும் அதே இடத்தில் களைந்துவிடுங்கள்.

கேள்வி: தொலைபேசி எண்ணின் முன்னால் இருக்கும் பூச்சியம் காணாமல் போகிறது. தேதியில் நாளும் மாதமும் இடம் மாறுகின்றன.

பதில்: தொலைபேசி எண்ணைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை. எனவே அது எண் அல்ல, உரை. தரவுத்தளத்தில் உரையாக வையுங்கள். நடுவில் ஷீட் இருந்தால் அந்த நெடுவரிசையை முன்கூட்டியே ‘வெற்று உரை’ என்று அமையுங்கள். ஷீட்ஸ் ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வாயில்) வழியாக எழுதுபவர்கள் ‘யூசர் என்டர்ட்’ முறைக்குப் பதில் ‘ரா’ முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாவது, நீங்கள் விசைப்பலகையில் அடித்ததுபோல் நினைத்துக்கொண்டு பூச்சியத்தைத் தின்றுவிடும். எக்செல்லில் இன்னொரு தொல்லை: 15 இலக்கத்துக்கு மேல் துல்லியம் கிடையாது. 16 இலக்க அடையாள எண் ஏதாவது இருந்தால் கடைசி இலக்கம் பூச்சியமாகிவிடும். பார்த்தால் நம்பும்படியாகவும் இருக்கும்.

03/04 என்பது ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ என்பதைக் கருவி ஊகிக்க விடாதீர்கள். நடுவில் ஒரு படி வைத்து ஆண்டு-மாதம்-நாள் வரிசையில், 2025-04-03 என்ற வடிவுக்கு மாற்றியே எழுதுங்கள். நாள் 12ஐத் தாண்டினால்தான் பிழை வெளிப்படும். மாதத்தின் முதல் 12 நாள்கள் தவறான தேதி சமர்த்தாக உள்ளே போய்க்கொண்டிருக்கும். சோதிக்கும்போது 25ஆம் தேதியையும் 4ஆம் தேதியையும் போட்டுப் பாருங்கள். நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) சேமித்து, காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரமாக்குங்கள். கூகுளில் ஷீட்டுக்கு ஒரு நேர மண்டலமும் ஸ்கிரிப்டுக்குத் தனியாக ஒன்றும் உண்டு. நேரம் சீராகச் சில மணி தள்ளித் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.

கேள்வி: என்8என்னில் சோதிக்கும்போது வேலை செய்கிறது. படிவத்தோடு இணைத்துவிட்டு வந்தால் ஒன்றும் வருவதில்லை.

பதில்: அதன் வெப்ஹுக்கில் இரண்டு முகவரிகள் உண்டு. சோதனை முகவரி, நீங்கள் திரையில் ‘கேட்டுக்கொண்டிரு’ என்று அழுத்தியிருக்கும்போது மட்டும் உயிரோடு இருக்கும். படிவத்தில் கொடுக்க வேண்டியது உற்பத்தி முகவரி. அதற்கு அந்தப் பணியோட்டம் செயல்நிலைக்கு மாற்றப்பட்டிருக்க வேண்டும்.

கேள்வி: படிவத்தில் ஒரு கேள்வியின் சொற்களைக் கொஞ்சம் திருத்தினோம். அன்றிலிருந்து அந்த நெடுவரிசை மட்டும் காலியாகவே வருகிறது.

பதில்: உங்கள் பொருத்தம் கேள்வியின் வாசகத்தை நம்பி நிற்கிறது. ஆப்ஸ் ஸ்கிரிப்டின் ‘நேம்டு வேல்யூஸ்’ கேள்வி வாசகத்தையே சாவியாகக் கொள்கிறது. ‘பெயர்’ என்பதை ‘உங்கள் பெயர்’ ஆக்கினால் பழைய சாவிக்குப் பூட்டு இல்லை. கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டாலும் இதே கதைதான். எத்தனையாவது நெடுவரிசை என்று எண்ணிப் பொருத்துவதும் நல்லதல்ல. யாராவது நடுவில் ஒரு நெடுவரிசை சேர்த்தால், ஊர்ப் பெயர் வயதுக்குள் போகும்.

கேள்விக்கு உள்ள ஐடியைப் பிடியுங்கள். கூகுள் ஃபார்மில் ஒவ்வொரு உருப்படிக்கும் ஐடி உண்டு. வாசகம் மாறினாலும் அது மாறாது. டைப்ஃபார்மில் ‘ரெஃப்’ என்ற புலத்துக்கு நீங்களே பெயர் வைக்கலாம். ஆனால் கேள்வியை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தால் ஐடியும் புதிது. படிவத்தைக் கையாள்பவர்களிடம் ‘திருத்துங்கள், அழிக்காதீர்கள்’ என்று சொல்லிவையுங்கள். விருப்பத் தேர்வுகளின் சொற்களுக்கும் இது பொருந்தும். ‘ஆம்’ என்று மட்டுமே ஏற்கும் நெடுவரிசைக்கு ‘ஆமாம்’ போனால் முழுப் பதிவும் திரும்பிவிடும்.

இழந்த நாள்களின் பதில்கள்? ‘வந்தவை’ டேபிள் இருந்தால் அங்கிருந்து மறுபடி பிரித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் படிவத்தின் பதில் பக்கத்திலிருந்து சிஎஸ்வியாக இறக்கி, ஐடியை வைத்து அந்த ஒரு நெடுவரிசையை மட்டும் நிரப்புங்கள்.

கேள்வி: கூகுள் ஃபார்மில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் போகின்றன, சில போகவில்லை. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ‘ரன்’ அழுத்தினால் மட்டும் பிழை காட்டுகிறது.

பதில்: ‘ரன்’ அழுத்தும்போது வரும் பிழையை மறந்துவிடுங்கள். கையால் ஓட்டும்போது பதில் என்ற நிகழ்வே இல்லை. அந்த மாறி வெறுமையாக இருப்பதால் வரும் பிழை அது. சோதிக்கப் படிவத்தை நிரப்பித்தான் ஆக வேண்டும்.

செய்தியில்லாமல் தவறுவதற்கு நாங்கள் முதலில் சந்தேகிப்பது ‘மியூட் எச்டிடிபி எக்ஸெப்ஷன்ஸ்’ என்ற அமைப்பை. அதை இயக்கியிருந்தால், எதிர்ப்பக்கம் 400, 500 என்று மறுத்தாலும் ஸ்கிரிப்ட் வெற்றிகரமாக முடிந்ததாகவே பதிவாகும். திரும்பி வந்த நிலை எண்ணை நீங்களே பார்த்து, 200 வரிசையில் இல்லாவிட்டால் பிழையை எழுப்ப வேண்டும். எங்கிருந்தோ நகலெடுத்த நிரலில் இந்த வரி ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்.

அடுத்து, யாருடைய கணக்கில் ட்ரிக்கர் நிறுவப்பட்டிருக்கிறது? நிறுவியவரின் அனுமதியில்தான் அது ஓடும். அவர் விலகி, கணக்கு மூடப்பட்டால் ட்ரிக்கரும் நின்றுவிடும். நிறுவனத்தில் இதற்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்வதே முறை.

வரம்புகளும் உண்டு. ஒரு முறை ஓடுவதற்கு 6 நிமிடம். சாதாரணக் கணக்கில் எல்லா ட்ரிக்கர்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு 90 நிமிடம். பதில் ஒன்றுக்கு 20 விநாடி ஆகிறது என்றால் 270 பதில்களோடு அன்றைய கணக்கு தீர்ந்தது. பலர் ஒரே நேரத்தில் நிரப்பினால் ஒன்றின் மேல் ஒன்று எழுதாமலிருக்க ‘லாக் சர்வீஸ்’ (ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஓடவிடும் பூட்டு) வையுங்கள்.

‘பதிலைத் திருத்த அனுமதி’ என்ற அமைப்பு இயங்கினால் இன்னொன்றும் நடக்கும். ஷீட் பக்க ட்ரிக்கரில், ஒருவர் பழைய பதிலில் ஒரே ஒரு கேள்வியைத் திருத்தினால், மாறிய விடை மட்டுமே நிகழ்வில் வரும், மற்றவை காலி. அதை அப்படியே தரவுத்தளத்தில் எழுதினால் நல்ல விவரங்களை வெற்றிடம் அழித்துவிடும். நிகழ்வில் வரும் மதிப்புகளை நம்பாமல், அது சுட்டும் வரியை ஷீட்டிலிருந்து முழுவதுமாகப் படித்து எழுதுங்கள்.

கேள்வி: ‘பிடித்தவை எவை’ என்ற கேள்விக்குப் பலவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். எல்லாம் ஒரே செல்லில் காற்புள்ளி போட்டு வருகின்றன. பிரித்தால் எண்ணிக்கை தவறுகிறது.

பதில்: தேர்வுகளில் ஏதோ ஒன்றின் பெயருக்குள்ளேயே காற்புள்ளி இருக்கிறது, பிரிக்கும்போது ஒன்று இரண்டாகிறது. தேர்வுகளின் பெயரிலிருந்து காற்புள்ளியை நீக்குங்கள். படிவத்தின் பக்க ஸ்கிரிப்டில் இவை பட்டியலாகவே கிடைக்கும், பிரிக்கும் வேலையே இல்லை. தரவுத்தளத்தில் இதற்குத் துணை டேபிள் ஒன்று வையுங்கள்: பதில் எண், தேர்வு, அவ்வளவுதான். மூன்று தேர்வு என்றால் மூன்று வரிகள். கோப்புப் பதிவேற்றமும் இப்படியே; டேபிளில் கோப்பை வைக்காமல் அது இருக்கும் இடத்தை மட்டும் எழுதுங்கள். ஏர்டேபிள் என்ற இணையத் தரவுத்தளச் சேவையில் இணைப்புக் கோப்பின் முகவரி சில மணி நேரத்தில் காலாவதியாகும் என்பதால், அந்த முகவரியை வேறு எங்கும் சேமித்துவைத்துப் பயனில்லை. கோப்பையே இறக்கி வையுங்கள்.

கேள்வி: பதிவு திறந்த முதல் சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கானோர் நிரப்புகிறார்கள். ஏர்டேபிளுக்குப் போகும் பதிவுகளில் பல 429 என்று திரும்புகின்றன.

பதில்: ஏர்டேபிள் ஏபிஐ ஒரு பேஸுக்கு (அங்கே ஒரு தரவுத்தளத்தின் பெயர்) விநாடிக்கு 5 கோரிக்கைகளே ஏற்கும். மிஞ்சினால் 429 சொல்லி 30 விநாடி காத்திருக்க வைக்கும். ஆனால் ஒரு கோரிக்கையில் 10 பதிவுகள் வரை அனுப்பலாம். ஆக, வந்ததை வந்தபடி அனுப்பாமல் ‘வந்தவை’யில் சேர்த்து, பத்துப் பத்தாகக் கட்டி அனுப்புங்கள். 429, 500 வரிசைப் பிழைகளுக்குக் காத்திருந்து மறுமுயற்சி செய்யலாம். ஒவ்வொரு முறையும் காத்திருப்பை இரட்டிப்பாக்குங்கள். 400, 422 என்று வந்தால் மறுமுயற்சி வீண். தரவே தவறு, பத்து முறை அனுப்பினாலும் தவறுதான்.

கேள்வி: ஆட்டோமேஷன் சேவை தரவுத்தளத்தின் கடவுச்சொல்லைக் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். இதற்கென்று ஒரு பயனரை உருவாக்கி, ‘வந்தவை’ டேபிளில் எழுத மட்டும் அனுமதி கொடுங்கள். சில கருவிகள் எழுதிய வரியைத் திருப்பிக் கேட்கும். அப்போது அந்த ஒரு டேபிளைப் படிக்கவும் அனுமதி தேவைப்படும். அழிக்கும் அனுமதி எந்த நிலையிலும் வேண்டாம். கடவுச்சொல் வெளியே போனாலும் சேதம் ஒரு டேபிளோடு நிற்கும்.

போஸ்ட்கிரெஸ்ஸின் 5432, மைஎஸ்கியூஎல்லின் 3306 போர்ட்டுகளை உலகம் முழுவதற்கும் திறந்துவைக்காதீர்கள். சேவை தரும் ஐபி முகவரிகளுக்கு மட்டும் திறவுங்கள். அல்லது தரவுத்தளத்தை மூடியே வைத்து, நடுவில் ஒரு சிறிய ஏபிஐ நிறுத்துங்கள். இரண்டாவதையே நாங்கள் விரும்புகிறோம். சூபாபேஸ் போன்ற தரவுத்தளச் சேவைகளில் அந்த ஏபிஐ தயாராகவே இருக்கிறது. ஆனால் வரி மட்டப் பாதுகாப்பை (யார் எந்த வரியைப் பார்க்கலாம் என்ற விதியை) இயக்காமல் பொதுச் சாவியை இணையப் பக்கத்தில் வைத்தால், பதிவு செய்த எல்லோருடைய விவரங்களையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ‘சர்வீஸ் ரோல்’ சாவி அந்தப் பாதுகாப்பையே தாண்டிச் செல்வது. அது சர்வரை விட்டு வெளியே வரக் கூடாது.

வெப்ஹுக் முகவரி தெரிந்தால் யாரும் பொய்ப் பதிவு அனுப்பலாம். அனுப்பும் சேவை கையொப்பம் தந்தால் (இரகசியச் சாவியால் கணக்கிடும் குறியீடு; பெரும்பாலும் எச்மேக் எஸ்எச்ஏ-256) அதைச் சரிபாருங்கள். ஜேசானைப் பிரிப்பதற்கு முன், வந்த பைட்டுகளின் மேலேயே கணக்கிட வேண்டும். பிரித்து மறுபடி கோத்தால் ஒரு வெற்றிடம் மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. பதிலை எஸ்கியூஎல் (தரவுத்தளக் கட்டளை மொழி) வாக்கியத்துக்குள் ஒட்டுப்போடாமல் அளபுருக்களாக, அதாவது கட்டளையிலிருந்து தனியே போகும் மதிப்புகளாக, அனுப்புங்கள். ஏற்றிய தரவைப் பிறகு எக்செல்லில் திறப்பவர்களுக்காக ஒன்று: =, +, -, @ இவற்றில் தொடங்கும் விடைகள் சூத்திரமாக ஓடிவிடலாம். வெளியே எடுக்கும்போது முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறி சேர்த்துவிடுங்கள்.

பலர் மறக்கும் இடம் ஒன்று உண்டு. ஆட்டோமேஷன் கருவி, ஓடிய ஒவ்வொரு முறையின் விவரத்தையும் தன் வரலாற்றில் வைத்திருக்கும். தரவுத்தளத்தை எவ்வளவு பூட்டினாலும், அங்கே பெயரும் தொலைபேசி எண்ணும் திறந்தே கிடக்கும். எத்தனை நாள் வைத்திருப்பது என்ற அமைப்பைப் பார்த்துக் குறையுங்கள்.

கேள்வி: ஏதாவது விடுபட்டுப்போனால் எப்படித் தெரியும்? யாராவது ‘என் பெயர் இல்லையே’ என்று கேட்ட பிறகுதான் தெரிகிறது.

பதில்: பிழை மின்னஞ்சல் மட்டும் போதாது. பிழை நேர்ந்தால் அது வரும்; ட்ரிக்கரே கிளம்பாவிட்டால் பிழையும் இல்லை, மின்னஞ்சலும் இல்லை. எனவே இரவில் ஒரு முறை ஒப்பிடும் வேலை ஒன்றை வையுங்கள். படிவத்தில் உள்ள பதில் ஐடிகளின் பட்டியலையும் ‘வந்தவை’யில் உள்ள ஐடிகளின் பட்டியலையும் எடுத்து, முன்னதில் இருந்து பின்னதில் இல்லாதவற்றை மறுபடி ஏற்றட்டும். எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடாதீர்கள். ஒன்று விடுபட்டு ஒன்று இரட்டித்தால் கணக்கு சரியாகவே காட்டும். யூனிக் கட்டுப்பாடு இருப்பதால் மறுபடி ஏற்றுவதில் பயமில்லை. ‘வந்தவை’யில் ‘பிழை’ நிலையிலோ, ஒரு மணி நேரத்துக்கு மேல் ‘புதியது’ நிலையிலோ நிற்கும் வரிகளையும் அதே வேலை எண்ணிச் சொல்லட்டும்.

இத்துடன், தினமும் ஒரு குறித்த நேரத்தில் சோதனைப் பதில் ஒன்று படிவம் வழியாகத் தானாகப் போய், அது பத்து நிமிடத்தில் கடைசி டேபிளுக்கு வராவிட்டால் மட்டும் உங்களுக்குச் செய்தி வரும்படி அமைக்கலாம். அந்தச் சோதனைப் பதிலை அறிக்கைகளில் சேராமல் வடிகட்ட ஒரு குறியீடு வையுங்கள். இல்லையென்றால் மாதக் கடைசியில் முப்பது பேர் கூடுதலாகப் பதிவு செய்ததாகக் கணக்கு காட்டும்.